விஜயகுமாரியின் டகோட்டா

நெட்டப்பாக்கம் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், மாவு அரைத்து விற்கும் தையலம்மாள் கடைக்கும் பூட்டிக் கிடக்கும் ஓர் உரக்கடைக்கும் நடுவில் விஜயகுமாரியின் கடை இருக்கிறது. பலகையில் 'பிரவுசிங் சென்டர்' என்று இன்னும் எழுதியிருக்கிறது. பிரவுசிங் செய்ய ஆள் வந்து வருஷக்கணக்காகிறது. எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. இப்போது வருகிறவர்களுக்கு வேண்டியது ஜெராக்ஸ்தான்: ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, முதியோர் பென்ஷன் மனு. வந்து, நீட்டி, வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடைக்குள் தடுப்புப் பலகைகளுக்கு நடுவே நான்கு கம்ப்யூட்டர்கள் பழைய புடவைத் துண்டு போர்த்தி உட்கார்ந்திருக்கும். அவற்றோடு விஜயகுமாரியும் உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. கடையைத் தொடங்கியபோது தம்பி கலைச்செல்வனும் உடனிருந்தான். வில்லியனூரில் ஒரு சொல்தா குடும்பத்தில் அவனுக்குப் பெண் அமைந்தது. பெண்ணின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். வீடு முழுவதற்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணமாகி மறு வருஷமே தம்பி பாரிஸ் பக்கம் போய்விட்டான். அங்கே ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. விஜயகுமாரிக்கும் வரன்கள் வந்தன. ஒன்று ஜாதகத்தில் நின்றது, ஒன்று பேச்சளவில் நின்றது. அதற்குள் அம்மா பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். ஆறேழு வருஷம் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பதும் கடையைத் திறப்பதுமாகப் போயிற்று. அம்மா போனபின் வரன் பற்றிப் பேச யாரும் வரவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

அம்மா இறந்த அடுத்த சித்திரையில் ஒரு பிற்பகல். ரோட்டில் ஈ காக்கை இல்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று போய் அரைமணி ஆகியும் புழுதி அடங்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. சும்மா இருக்கிற கையை வைத்துக்கொள்ள இடமில்லாமல், மூன்றாவது கம்ப்யூட்டரின் துணியை எடுத்து உதறினாள். ஓடுகிறதா பார்க்கலாம் என்று போட்டாள். ஓடியது. திரையில் தம்பி ஏற்றிவைத்திருந்த விமான விளையாட்டின் படம் இருந்தது. அவன் மணிக்கணக்காக அதில் கிடப்பான். கரண்ட் பில் ஏறுகிறது என்று இவள் கத்துவாள். அதன் மேல் அழுத்தினாள்.

வெள்ளி நிறத்தில் ஒரு விமானம், மூக்கைத் தூக்கி, வாலைத் தரையில் போட்டுக்கொண்டு நின்றது. இரண்டு என்ஜின். டகோட்டா என்று பெயர் போட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தையும் அரிசி மூட்டையையும் சுமந்து ஓடிய விமானம் என்று கீழே ஒரு வரி.

மேலே போவது ஒன்றும் பெரிய காரியமாக இல்லை. விசையைக் கூட்டினால் அது பாட்டுக்கு ஓடி, வாலைத் தூக்கி, எழும்பிவிட்டது. மேலே போனபின் நேராகப் போவதும் கஷ்டமில்லை. இறங்குவதில்தான் எல்லாம் கெட்டது. வேகமாக வந்தால் விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போய், ஓடுபாதை முடிந்து மரத்தில் மோதியது. மெதுவாக வந்தால் சட்டென்று ஒரு பக்கம் சரிந்து மூட்டை மாதிரி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் திரை கறுத்து, மறுபடி தொடங்கவா என்று கேட்டது. அன்று கடையைச் சாத்தும்வரை அவள் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். அம்மா போனபின் பொழுது போனதே தெரியாமல் போன முதல் நாள் அது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தபோது சொன்னாள். அவன் சிரித்தான்.

"நீயாக்கா? எனக்கே எறக்க வராது அது. தமிழ் ஆளுங்க குரூப் ஒண்ணு இருக்குது, பழைய மிலிட்டரி பிளேன் மட்டும் ஓட்டுவாங்க. லிங்க் அனுப்பறேன், அவங்களக் கேளு."

அந்தக் குழுவில் ஐந்தாறு பேர் ஞாயிறு காலையில் கூடுவார்கள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். யாரும் பெயர் சொல்லிக்கொள்வதில்லை. ஊர்தான் பெயர். சேலம் என்று ஒரு பையன், பெங்களூரில் வேலை. ஒஸ்லோ என்று நார்வேயில் இருக்கும் ஓர் ஈழத்துக்காரர். தரையில் கண்ட்ரோல் டவர் ஆளாக இருந்து எல்லோரையும் இறக்குகிறவர் ஈப்போ. மலேசியாவில் அந்த ஊர்க்காரர். விஜயகுமாரி அன்றிலிருந்து நெட்டப்பாக்கம் ஆனாள்.

முதல் ஞாயிறு அவள் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஈப்போவே கூப்பிட்டார்.

"நெட்டப்பாக்கம், கேக்குதா? வேகம் எவ்வளவு வச்சிருக்கீங்க?"

அவள் திரையில் ஊசியைப் பார்த்தாள். "நூத்தி இருபது மைலு."

"அவ்வளவு எதுக்கு லா?"

"கொறச்சா வுழுந்துடும்னு பயமா இருக்குதுங்க."

"விழாது. உள்ளே எண்ணெய் எவ்வளவு இருக்கு? சரக்கு ஏத்தியிருக்கீங்களா?"

"தெரியலைங்க."

"அதைத்தான் முதல்ல பார்க்கணும். காலி வண்டிக்கு ஒரு வேகம், லோடு வண்டிக்கு ஒரு வேகம். கனமா இருந்தா கொஞ்சம் வேகமா வந்தாத்தான் இறக்கை தாங்கும். உங்களது காலி. தொண்ணூறுக்கு வாங்க. மடல் இறக்கிட்டீங்களா?"

இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் தகட்டை அவர் மடல் என்பார். அதை முழுதாக இறக்கினால் மெதுவான வேகத்திலும் காற்று விமானத்தைத் தாங்கிப் பிடிக்கும். தம்பி அதைத் தொட்டதே இல்லை போலிருக்கிறது. எந்தப் பொத்தான் என்று அவளுக்குத் தெரியாது. அவர் சொன்னார். அழுத்தினாள். விமானம் யாரோ பின்னாலிருந்து புடவையைப் பிடித்து இழுத்தது போலத் தயங்கியது. தொண்ணூறு. எண்பத்தைந்து. ஓடுபாதையின் விளிம்பு காலடியில் போயிற்று. "இப்ப விசையை விடுங்க. விட்டுட்டுச் சும்மா இருங்க" என்றார். சும்மா இருந்தாள். சக்கரம் தரையைத் தொட்டு, ஒரு குதி குதித்து, மறுபடி தொட்டு, ஓடி நின்றது.

"ஆங். இறங்கியாச்சு" என்றார் ஈப்போ. அடுத்து ஒஸ்லோவைக் கூப்பிட்டார்.

விஜயகுமாரி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பின் இரண்டு வருஷம் ஞாயிறு காலை என்பது அவளுக்கு அதுதான். மற்றவர்கள் வருவார்கள், வராமல் இருப்பார்கள். ஈப்போவும் நெட்டப்பாக்கமும் தவறியதில்லை. சனிக்கிழமையே மாவு வாங்கி வைத்துவிடுவாள். காலையில் குளித்து, இரண்டு தோசை ஊற்றித் தின்றுவிட்டு, ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போய்விடுவாள்.

அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொடுத்தார். ஊசி காட்டுவது காற்றின் மேல் விமானம் போகும் வேகம். தரையின் மேல் போகும் வேகம் வேறு. எதிர்க்காற்றில் இறங்கினால் தரை மெதுவாக வரும், சீக்கிரம் நிற்கலாம். காற்று பின்னாலிருந்து தள்ளினால் அதே ஊசி, அதே எண், ஆனால் ஓடுபாதை போதாது. காற்று விட்டு விட்டு வீசினால் கொஞ்சம் வேகத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அது திடீரென்று நின்றுபோனால் காலை வாரிவிடும். வெயில் காலத்திலும் மலை மேலும் காற்று மெலிந்திருக்கும். அப்போது ஊசியை நம்பி வந்தாலும் தரை விறுவிறுவென்று ஓடும். ஈரத்தில் பிரேக் பிடிக்காது. "சிமெண்டு லாரி முப்பது வருஷம் ஓட்டினேன். எல்லாம் அதே கணக்குத்தான். நிக்கிறதை நினைச்சுத்தான் ஓட்டணும்" என்றார். அவர் லாரிக்காரர் என்று அவளுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

ஒரு தடவை அவளுக்கு ஜெட் ஓட்ட ஆசை வந்தது. குழுவில் ஹண்டர் என்ற பழைய சண்டை விமானம் இருந்தது. சேலம் அதில்தான் பறப்பான்.

"அதுக்கு இறக்கை மெல்லிசு, பின்னாலே சாய்ஞ்சிருக்கும். வேகமாப் போக வெட்டின இறக்கை. மெதுவாப் போனா அது பிடிக்காது. நூத்தி ஐம்பதுக்கு மேலே வரணும், நெட்டப்பாக்கம்" என்றார்.

"வர்றேன்" என்றாள்.

வந்தாள். ஓடுபாதையின் நடுவில் தொட்டு, வேலியை உடைத்துக்கொண்டு, வயலைத் தாண்டி, யாருடைய வீட்டுக்குப் பக்கத்திலோ போய் நின்றாள். ஹெட்போனில் ஈப்போ, "அங்கேயே காப்பி குடிச்சிட்டு வாங்க" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடை கிரைண்டரை நிறுத்திவிட்டுத் தையலம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, ஒண்டியா சிரிச்சினு கீற?" என்றாள். விஜயகுமாரி ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள்.

தங்களைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை. அவருக்கு மனைவி உண்டா, பிள்ளைகள் எத்தனை, எதுவும் அவள் கேட்கவில்லை. ஒருமுறை அவர் பின்னால் சேவல் கூவியது. ஒருமுறை மழை தகரத்தில் விழும் சத்தம். ஒரு நாள் அவர் இருமிக்கொண்டேயிருந்தார். வெந்நீர் குடிங்க என்று வாய்வரை வந்தது. சேலமும் ஒஸ்லோவும் கேட்டுக்கொண்டிருந்ததால் சொல்லாமல் விட்டாள்.

ஆனால் ஓர் ஆனி மாதம் அவர் வேறு மாதிரி ஒன்று கேட்டார். "நெட்டப்பாக்கம், உங்க ஊர்லே இப்ப காத்து எப்படி? விளையாட்டுக் காத்து இல்லே. நெஜக் காத்து."

அவள் ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்தாள். அலுவலகத்துக்குப் பின்னால் கரும்புத் தோட்டம். தோகையெல்லாம் கிழக்கே சாய்ந்து படபடத்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்து, "மேலண்டேர்ந்து அடிக்கிதுங்க. நல்ல வேகமா" என்றாள்.

"அதையே வைக்கிறேன். அதிலே இறங்குங்க."

அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். அவளும் வெளியே போய்ப் பார்த்துச் சொல்வாள். அவர் விளையாட்டில் அதே காற்றை வைப்பார். மற்ற நாட்களிலும் பஸ்சுக்கு நிற்கும்போது, துணி காயப்போடும்போது, அவள் மரத்தின் நுனியைப் பார்க்கப் பழகிவிட்டாள். இன்றைக்கு மேல்காற்று, கடல் பக்கமிருந்து வந்து இறங்க வேண்டும், இன்றைக்கு கடல்காற்று திரும்பிவிட்டது, மேற்கே மடுகரைப் பக்கமிருந்து வர வேண்டும் என்று மனதுக்குள் ஓடும். அதை யாரிடம் சொல்வது?

இந்தத் தை மாதம் ஒரு ஞாயிறு ஈப்போ வரவில்லை. சேலம் டவரில் நின்றான். அடுத்த ஞாயிறும் வரவில்லை. லைன் கோளாறாக இருக்கும் என்றார் ஒஸ்லோ. அதற்கடுத்த புதன்கிழமை, ஒருவருக்கு வாரிசுச் சான்றிதழ் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போது போனில் குழுவின் செய்தி வந்தது. ஈப்போவின் எண்ணிலிருந்து வந்ததால் சட்டென்று திறந்தாள். இங்கிலீஷில் இருந்தது. இந்த எண்ணுக்குரியவர் என் தந்தை சிவப்பிரகாசம், போன வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாரடைப்பில் காலமானார், காரியங்கள் முடிந்தன, தெரிவிக்கிறேன், மகள் சரண்யா.

அவர் பெயர் சிவப்பிரகாசம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

கீழே சேலம் கைகூப்பிய படம் போட்டான். ஒஸ்லோ ஆழ்ந்த இரங்கல் என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் சேலம், இந்த வாரம் டவர் யார் பார்ப்பது என்று கேட்டிருந்தான்.

"இன்னாமா, காப்பி ஒரு பக்கந்தான் வந்துகீது" என்றார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர். மறுபடி எடுத்துக் கொடுத்தாள். அவர் போனதும் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகை வந்தது. அழுதாள். பிறகு எழுந்து, கிணற்றடியில் நான்கு குடம் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டாள். ஈரத்தலையோடு வாசலில் நின்றபோது மாவுப் பாத்திரத்தோடு தையலம்மாள் வந்தாள்.

"கடைய சாத்திட்டியேன்னு பாத்துனு போவலாம்னு வந்தேன். இன்னாடி, தல முழுவிகீற? யாரு பூட்டாங்க?"

"தெரிஞ்சவங்க."

"எந்த ஊரு?"

"மலேசியா."

"அங்க யாருடி உனுக்கு? இன்னா மொற?"

விஜயகுமாரி பதில் தேடினாள். அண்ணன் என்றால் அண்ணன் என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. சித்தப்பா வயதிருக்குமா, அதுவும் தெரியாது. முகம் பார்த்ததில்லை. சொந்தமும் இல்லை, சாதிசனமும் இல்லை, கூட வேலை செய்தவரும் இல்லை. இரண்டு வருஷமாக வாரம் தவறாமல் பேசின ஒரு மனுஷருக்குத் தமிழில் ஒரு சொல் கிடைக்கவில்லை.

"மொறலாம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

"மொற இல்லாமயா தல முழுவின?"

"ஆமா."

தையலம்மாள் மாவுப் பாத்திரத்தைப் படியில் வைத்து, "தலைய தொவட்டு, சளி புடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிறு மாலை தம்பியிடம் சொன்னாள். "யாருக்கா? கேம்ல வந்தாரே அவரா?" என்றான். "த்சொ த்சொ" என்றான். பிறகு அவன் மகளுக்கு அங்கே பள்ளிக்கூடம் மாற்றுவது பற்றிப் பேசினான். அவன் மேல் அவளுக்குக் கோபமில்லை. அவனுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?

மாசியில் ஒரு நாள் ஈப்போவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. திரையில் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் முதல் மணியிலேயே எடுத்தாள். மகள் சரண்யா பேசினாள். அப்பாவின் கம்ப்யூட்டரை எடுத்து வைக்கிறேன், அதில் எல்லா வாரமும் நெட்டப்பாக்கம் என்று உங்கள் பெயர் இருக்கிறது, அதனால் கூப்பிட்டேன் என்றாள்.

"நீங்க அவருக்கு யாருங்க?"

"சேந்து பிளேன் ஓட்டுவோம்மா. அவரு எறக்கிவுடுவாரு."

"அப்பா என்ன பேசுவாரு? எங்ககிட்ட அவ்வளவா பேச மாட்டாரு. அம்மா போனதுலேருந்து தனியாத்தான் இருந்தாரு. நான் கோலாலம்பூர்லே இருக்கேன், மாசத்துக்கு ஒரு தடவை போவேன். போனா டிவியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு."

விஜயகுமாரி யோசித்தாள். அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. மகளைப் பற்றி ஏதாவது சொன்னார் என்று சொல்லலாம். ஆனால் அவர் சொல்லவில்லை.

"வேகம் பத்திப் பேசுவாரு. எவ்ளோ லோடு இருந்தா எவ்ளோ வேகத்துல வரணும்னு. காத்து பத்தி."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதாம்மா."

அந்தப் பக்கம் பின்னால் ஏதோ அட்டைப்பெட்டியை ஒட்டும் சத்தம் கேட்டது.

"சிரிப்பாரா?" என்று கேட்டாள் சரண்யா.

"சிரிக்க வெப்பாரு" என்றாள் விஜயகுமாரி. ஹண்டரோடு வயலுக்குள் போன கதையைச் சொன்னாள். காப்பி குடித்துவிட்டு வரச் சொன்னதையும் சொன்னாள். அந்தப் பக்கம் மகள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதன்பின் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரவில்லை.

குழுவும் நிலைக்கவில்லை. டவர் பார்க்க வேறு ஆள் அமையவில்லை. சேலத்துக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஒஸ்லோ இரண்டு வாரம் தனியாக வந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டார். பங்குனிக்குள் குழுவில் பண்டிகை வாழ்த்துப் படங்கள் மட்டும் வர ஆரம்பித்தன.

வைகாசியில் விஜயகுமாரி கடையைக் கொஞ்சம் மாற்றினாள். மூன்று கம்ப்யூட்டர்களை வில்லியனூரிலிருந்து வந்த ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். தடுப்புப் பலகைகளைக் கழற்றியதும் கடை பெரிதாகவும் வெறிச்சென்றும் இருந்தது. புதிதாக ஒரு லேமினேஷன் இயந்திரம் போட்டாள். தம்பி கம்ப்யூட்டரை மட்டும் மூலையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலையில் இன்னும் பறக்கிறாள். ஹெட்போன் மாட்டிக்கொள்வதில்லை. ஒரு ஞாயிறு தையலம்மாள் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். விமானம் ஓடுபாதையை நோக்கித் தாழ்ந்து வந்தது. விஜயகுமாரி மடலை இறக்கி, விசையைக் குறைத்து, ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேகம் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. சக்கரம் தொட்டு எழும்பியது. இதை இழுத்துப் பிடித்தால் கெடும் என்று அவளுக்குத் தெரியும். விசையை முழுதாகக் கூட்டி மறுபடி மேலே எழுப்பினாள்.

"இன்னா, ஏறிட்ட?" என்றாள் தையலம்மாள்.

"ஒரு சுத்து சுத்தி வரணும்."

"இறங்கித் தொலைக்கக் கூடாதா, கிட்டக்க வந்துட்டு?"

"வேகமா வந்துட்டேன்."

தையலம்மாளுக்கு அந்தச் சுற்று முடியும்வரை பொறுமையில்லை. மாவு புளித்துவிடும் என்று எழுந்து போய்விட்டாள். இரண்டாம் தடவை விஜயகுமாரி மெதுவாக வந்தாள். குதிக்காமல் நின்றது.

இந்த ஆடியில் ஒரு நாள், அதிசயமாக, சேலத்திடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. "நெட்டப்பாக்கம் அக்கா, இன்னும் பறக்கறீங்களா?" என்று கேட்டிருந்தான். அவள் உடனே, ஆமாம், ஞாயிறு காலையில், டகோட்டாதான் என்று எழுதினாள். போதாது போலிருந்தது. கல்யாணம் நல்லபடியாக முடிந்ததா, நீ இப்போது எதில் பறக்கிறாய் என்றும் கேட்டாள். அவன் படித்துவிட்டதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது. போனைக் கல்லாப்பெட்டி மேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு பார்த்தபடியிருந்தாள்.

பதில் வரவில்லை. பென்ஷன் மனுவோடு ஓர் அம்மாள் படியேறி வந்தார். விஜயகுமாரி எழுந்து போய் ஜெராக்ஸ் மெஷினைப் போட்டாள். அது சூடாகக் கொஞ்சம் நேரமாகும், உட்காருங்க என்றாள்.